நடுத்தட்டுச் சொற்கள்

'ஏர் பொல்யூஷன்' பற்றி 250 சொற்களில் எழுதிவரச் சொல்லியிருந்தேன். நான்காம் படிவத்து மாணவி ஒருத்தி தெர்லா ஆற்றைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். மழை பெய்த மறுநாள் ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடுவது, காய்கறித் தோட்டத்து உரப்பைகள் கரையில் சிக்கிக் கிடப்பது, காற்றில் கிழிந்த பிளாஸ்டிக் கூரைகள் பாறையில் சுற்றிக்கொண்டு படபடப்பது என்று தினமும் பார்ப்பதையெல்லாம் எழுதியிருந்தாள். வாக்கியங்கள் இடறின. பார்த்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. காற்றைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஆயர்னா தண்ணிதானே டீச்சர்?" என்றாள்.

மலாயில் தண்ணீரை 'ஆயர்' என்கிறோம். ஏ, ஐ, ஆர் என்ற அதே மூன்று எழுத்துகள்தான் ஆங்கிலத்தில் காற்று. நான் வாயால் சொல்லியிருந்தால் அவள் தவறியிருக்க மாட்டாள். பலகையில் எழுதிப் போட்டேன். அவள் கண் மலாயில் படித்துவிட்டது. தலைப்புக்குப் பொருந்தாத கட்டுரைக்கு மதிப்பெண் போட முடியாது. ஆனால் அந்தத் தாளை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆங்கிலம் வந்து உட்காரும் இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இரண்டு மொழிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கண்டுகொள்ளாமல் மூன்றாவதைக் கற்பிக்க முடியாது என்பதை எந்தப் பயிற்சிக் கூடமும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

கோலா தெர்லா கேமரன் மலையின் வடபக்கம், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் முட்டைக்கோசும் தக்காளியும். பகலில் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வாரத்தில் மூன்று மாலை வீட்டு முன்னறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. சிலர் நடந்தே வருவார்கள். சிலரைக் காய்கறி ஏற்றிய பழைய லேண்ட்ரோவர் இறக்கிவிட்டுப் போகும். ஆறு மணிக்கு மூடுபனி இறங்கினால் சன்னலைச் சாத்திக்கொண்டு தொடங்குவோம்.

நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி. 2003-இல் முதலாம் படிவம். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது அந்த ஆண்டில்தான். முதலாம் ஆண்டு, முதலாம் படிவம், கீழ் ஆறாம் படிவம் என்று மூன்று வாசல்களிலும் ஒரே சமயத்தில் மொழியை மாற்றினார்கள். நான் நடுவாசலில் நின்றேன். 2012 முதல் அந்தத் திட்டத்தைப் படிப்படியாக விலக்கிக்கொண்டார்கள். அது சரியா தவறா என்று இங்கே வாதாட வரவில்லை. அங்கே எனக்கு எது புரியாமல் போனது என்பதுதான் இன்றுவரை என் தொழிலை நடத்துகிறது.

அறிவியல் புத்தகத்தில் ஒரு வரைபடம். கீழே கேள்வி: இந்த வளைகோடு எதை 'இன்டிகேட்' செய்கிறது? 'டெம்பரேச்சர்' எனக்குத் தெரியும். ஆசிரியர் அதைப் பலகையில் எழுதி, வெப்பமானியைத் தூக்கிக் காட்டி விளக்கியிருந்தார். 'வாட்டர்' தெரியும். வளைகோடு ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. 'இன்டிகேட்' மட்டும் தெரியவில்லை. அதை யாரும் விளக்கவில்லை. அது அறிவியலுக்கே உரிய சொல் அல்லவே. ஆங்கில வகுப்பில் கடைக்குப் போவது, பிறந்தநாள் கொண்டாடுவது, நண்பனுக்குக் கடிதம் எழுதுவது என்று போய்க்கொண்டிருந்தது. அங்கேயும் அது வரவில்லை. இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் அந்தச் சொல் அநாதையாகக் கிடந்தது. விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று தட்டுப் பலகை ஒன்று உண்டு. கீழ்த்தட்டில் அன்றாடம் புழங்கும் சட்டி, கரண்டி. மேல்தட்டில் தீபாவளிக்கும் விசேஷத்துக்கும் இறக்கும் பாத்திரங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு. சொற்களும் அப்படித்தான் அடுக்கியிருக்கின்றன. 2002-இல் அமெரிக்காவில் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குக்கன் என்ற மூவர் எழுதிய நூலிலும் இதே மூன்று அடுக்குகளைக் கண்டபோது, என் காலியிடத்துக்கு யாரோ பெயர் வைத்துவிட்டதைப் போல ஆறுதலாக இருந்தது. கீழ்த்தட்டுச் சொல்லை வாழ்க்கை கற்றுத் தந்துவிடும். மேல்தட்டுச் சொல்லைப் பாட ஆசிரியர் இறக்கித் தருவார். 'இன்டிகேட்', 'டிரைவ்' (derive), 'அஸ்யூம்', 'சிக்னிஃபிகன்ட்', 'வேராஸ்' போன்ற நடுத்தட்டுச் சொற்கள் எல்லாப் பாடத்திலும் வரும். எந்தப் பாடமும் அவற்றைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளாது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை அதைச் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிடும். எங்கள் பிள்ளைக்கு அந்த மேசை கிடையாது.

எவ்வளவு சொல் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆசிரியர் டாக்காவில் வங்காளப் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் பாடுபட்டவர். தாய்மொழி வேறாக உள்ளவர்களுக்கு எந்தச் சொற்களை முதலில் கொடுப்பது என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். 1953-இல் ஏறக்குறைய 2000 தலைச்சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 35 லட்சம் சொற்கள் அளவுக்குப் பல்கலைக்கழகப் பாடநூல்களையும் கட்டுரைகளையும் தொகுத்து அலசி, 2000-ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களைத் தனியே பிரித்துக் காட்டினார். அவருடைய தொகுப்பில் நூற்றுக்கு 76 சொற்கள் வெஸ்டின் பட்டியலில் இருந்தன. இந்த 570 குடும்பங்கள் மட்டும் இன்னொரு 10. பத்துச் சொல்லுக்கு ஒன்று என்றால், ஏறக்குறைய வரிக்கு ஒன்று. வரிக்கு ஒரு கல் தடுக்கினால் எந்தப் பிள்ளையால் ஓட முடியும்?

570-ஐ வாரத்துக்கு ஆறாகப் பிரித்தால் 95 வாரம். நான்காம், ஐந்தாம் படிவத்து இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். ஆறு என்றால் ஆறுதான். ஆர்வத்தில் இருபது கேட்கும் பிள்ளைக்கும் நான் ஆறுக்கு மேல் கொடுப்பதில்லை.

முதல் மாலை வகுப்பில் புதிதாக எதுவும் கற்பிக்க மாட்டேன். அந்த 570-இன் பட்டியலைக் கையில் கொடுத்து, மலாயில் ஏற்கெனவே தெரிந்ததற்கு வட்டம் போடச் சொல்லுவேன். 'அனாலிசிஸ்', 'கொன்செப்', 'ஃபக்தோர்', 'ஃபுங்சி', 'ஸ்த்ருக்தூர்', 'ப்ரோசெஸ்', 'ஸ்த்ராதெகி', 'ஹிப்போதெசிஸ்', 'கிரித்தேரியா' என்று வரலாற்றுப் பாடத்திலும் அறிவியல் பாடத்திலும் தேசிய மொழியில் படித்ததெல்லாம் வரிசையாக எழுந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் நாற்பது வட்டங்களுக்கு மேல் விழும். தனக்கு ஆங்கிலமே வராது என்று சொல்லிக்கொண்டு வந்த பையன் நிமிர்ந்து உட்காருவான். எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு; அதை அன்றே எச்சரித்துவிடுவேன். 'ஆயர்' கதையையும், மலாயில் விளையாட்டைக் குறிக்கும் 'மாயின்' ஆங்கிலத்தில் 'மெயின்' ஆகிவிடும் கதையையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அடுத்த மாலை தமிழ். எங்கள் தமிழ்ப்பள்ளி அறிவியலில் 'உற்றறிதல்' என்றும் 'ஊகித்தல்' என்றும் இரண்டு திறன்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணால் கண்டது ஒன்று. கண்டதை வைத்து மனத்தால் எட்டியது மற்றொன்று. பத்து வயதில் இந்த வேறுபாட்டைத் தமிழில் கற்ற பிள்ளைக்கு 'அப்சர்வ்' எது, 'இன்ஃபர்' எது என்று புதிதாக விளக்கத் தேவையே இல்லை. 'கருதுகோள்', 'மாறி', 'செயற்பாங்கு' எல்லாம் அவர்களிடம் உண்டு. கருத்து முன்பே இருக்கிறது. அதற்கு இன்னொரு பெயரைச் சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் ஆங்கிலம் வரவில்லை என்று பெற்றோர் யாராவது என்னிடம் வருந்தினால், இந்த இரண்டு சொற்களைச் சொல்லி அவர்களை உட்கார வைத்துப் பேசுவேன். அந்த வருத்தம் எனக்கு மிகவும் வலிக்கிறது. ஆறு ஆண்டு உழைப்பைக் கழிவு என்று எழுதுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

'டிரைவ்' என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு பையன் அதைக் கார் ஓட்டும் 'ட்ரைவ்' (drive) என்று படித்துவிட்டான். ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'பெறுதல்', 'வருவித்தல்' என்று அகராதிப் பொருளைச் சொன்னேன். தலையாட்டினான். மறுவாரம் மறந்துவிட்டான். பிறகு அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் படித்தேன். லத்தீனில் 'ரிவஸ்' என்றால் ஓடை. ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோவதுதான் 'டிரைவ்' என்பதன் பழைய பொருள். படித்துவிட்டுச் சன்னல் வழியே பார்த்தேன். எதிர்மலையில் ஓடையிலிருந்து கிளம்பிய கறுப்புக் குழாய்கள் சரிவெல்லாம் ஓடித் தோட்டங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரின் பெயரே தண்ணீரிலிருந்து வந்தது. 'கோலா' என்றால் ஆறு போய்ச் சேரும் வாய்.

அடுத்த வகுப்பில் அந்தப் பையனைச் சன்னலருகே கூப்பிட்டேன். "உங்கப்பா தோட்டத்துக்குத் தண்ணி எங்கேருந்துப்பா வருது?"

"மேல ஓடையிலேருந்து டீச்சர். குழா போட்டிருக்கோம்."

"அந்தக் குழா போட்ட வேலைதான் 'டிரைவ்'. ஒண்ணு எங்கேருந்து கிளம்பி வந்துச்சோ, அந்த இடத்தோட சேர்த்துச் சொல்லணும்."

அதோடு இன்னொன்றும் சொன்னேன். அதே ஓடையிலிருந்துதான் 'ரைவல்' என்ற சொல்லும் பிறந்தது. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இரண்டு பேர், போட்டியாளர்கள். "அட, பங்காளி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சொத்தில் பங்குள்ளவனைச் சண்டைக்காரனாகவும் பார்த்த தமிழும், தண்ணீரில் பங்குள்ளவனை எதிரியாகப் பார்த்த லத்தீனும் எங்கள் முன்னறையில் ஒரு நிமிடம் கைகோத்து நின்றன. அந்தப் பையன் அதற்குப் பிறகு 'டிரைவ்' என்ற சொல்லையும் மறக்கவில்லை, அதன் பின்னால் வரவேண்டிய 'ஃப்ரம்' என்ற சொல்லையும் விட்டதில்லை. எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரு கதை கிடைக்காது. கிடைக்கும் சொல்லை விடக் கூடாது.

கதை கிடைக்காத சொல்லுக்குத் தகர டப்பா. தேயிலைத் தூள் வந்த ஐந்து டப்பாக்கள் என் அலமாரியில் வரிசையாக இருக்கும். புதிய சொல் எழுதிய அட்டை முதல் டப்பாவில். மறுநாள் நினைவிருந்தால் இரண்டாவதுக்கு நகரும். மூன்று நாள் கழித்துக் கேட்பேன். பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். எந்தக் கட்டத்தில் மறந்தாலும் அட்டை முதல் டப்பாவுக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிய வழிமுறையை எங்கள் டப்பாவுக்கு ஏற்பச் செய்துகொண்டது இது. அதன் அடிப்படை இன்னும் பழையது: ஜெர்மனியில் எபிங்காஸ் என்ற உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றது எப்படி முதல் சில மணி நேரத்திலேயே பெருமளவு வடிந்துவிடுகிறது என்று 1885-இல் எழுதினார். வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்ததும் அதே 1885-இல்தான். பிள்ளைகளுக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடிக்கும், ஆண்டையும் மறப்பதில்லை.

நம்மிடமும் சொற்களை மனத்தில் இருத்தும் வழக்கம் இருந்தது. திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். திவாகரமும் சூடாமணி நிகண்டும் சொற்களை அகர வரிசையில் குவிக்காமல் தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று உறவு பார்த்துத் தொகுதிகளாகக் கட்டின. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்லவே தனித் தொகுதி. சொல்லைத் தனியாளாகக் கற்பிக்காமல் குடும்பத்தோடு கற்பித்த அந்த முறையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. செய்யுளின் தாளம் எங்களுக்குக் கிடையாது. அதனால் டப்பா வைத்துக்கொண்டோம்.

அட்டையில் பொருளை மட்டும் எழுதவிட மாட்டேன். நெல்லை அறுக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், பூவைப் பறிக்கிறோம், கொழுந்தை எடுக்கிறோம். பூவை அறுத்தேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், எந்த இலக்கணமும் படிக்காத பாட்டிகூடத் திருத்துவார். ஆங்கிலத்திலும் 'ரிசர்ச்' என்றால் 'கண்டக்ட்' செய்வார்கள். 'கன்குளூஷன்' என்றால் 'டிரா' செய்வார்கள், கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்குச் சொல்லும் அதே 'டிரா'. எனவே ஒவ்வோர் அட்டையிலும் அந்தச் சொல் யாரோடு கைகோத்து வரும் என்று இரண்டு துணைச் சொற்கள் வேண்டும். பின்பக்கம் ஊரைப் பற்றிய ஒரு வாக்கியம் வேண்டும். புத்தகத்து வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் ஏற்கமாட்டேன். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'லைன்' லயமானதும், 'பரேட்' பெரட்டானதும், வருகைப் பதிவேட்டுக்கு 'செக்ரோல்' என்ற சொல் தோட்டமெங்கும் புழங்கியதும் அகராதியால் நடக்கவில்லை. விடியற்காலை பெரட்டுக்கு நின்றவர்களுக்கு அந்தச் சொற்கள் தினமும் தேவைப்பட்டன.

சொல் சேர்ந்த பிறகுதான் பெரிய மலை எதிரே தெரியும். அது வாக்கியம். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி அதிகாலையில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்த நீரால் பெர்த்தாம் வேலியில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. அதைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளை ஆறாம் படிவப் பிள்ளைகளோடு படிப்பேன். 'தி ராபிட் எக்ஸ்பான்ஷன் ஆஃப் வெஜிடபிள் ஃபார்மிங்' என்று ஒரு வாக்கியம் தொடங்கும்போதே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். சொல் எல்லாம் தெரியும். ஆனால் யார் என்ன செய்தார் என்று தெரியாது. தமிழில் 'காய்கறித் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. அதனால் மண் அரித்தது' என்போம். வினை வினையாகவே இருக்கும். ஆங்கிலக் கல்வி எழுத்து 'பெருகின' என்ற வினையை மடித்துப் 'பெருக்கம்' என்ற பெயராக்கி, அதையே எழுவாயாக உட்கார வைத்துவிடும். ஹாலிடே என்ற மொழியியலாளர் இந்த மடிப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நான் வகுப்பில் சொல்வது இவ்வளவுதான்: மடித்த புடவையை முதலில் உதறி விரி. எது வினை, யார் செய்தது, எதனால் என்று தமிழில் சொல். பிறகு மறுபடி ஆங்கிலத்தில் மடி. விரிக்கத் தெரிந்தால் வாசிப்பு வந்துவிடும். மடிக்கத் தெரிந்தால் எழுத்து வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் நுழைய 1999 முதல் எழுதிவரும் மூயெட் தேர்வுக்கு நான் கொடுக்கும் தயாரிப்பில் பெரும்பகுதி இந்த உதறலும் மடிப்பும்தான். இதில் அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. ஒரு பத்தியை ஒரு மாலை முழுக்க விரித்த நாள்கள் உண்டு.

செய்முறையை விளக்கும் பத்திக்குத் தேயிலை ஆலை இருக்கிறது. கொழுந்தை எடுக்கிறார்கள், வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், புளிக்க வைக்கிறார்கள், காயவைக்கிறார்கள், சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஐந்து கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூள். யார் செய்கிறார் என்பது முக்கியமில்லாத, என்ன நடக்கிறது என்பது மட்டும் முக்கியமான செயப்பாட்டு வாக்கியங்களுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'சப்சிகுவன்ட்லி', 'ப்ரையர் டு' போன்ற நடுத்தட்டுச் சொற்கள் எல்லாம் தாமாக வந்து இடம் கேட்கும். அந்தப் பத்தியை எழுதி முடித்ததும் வீட்டில் தமிழில் படித்துக் காட்டிவிட்டு வரச் சொல்லுவேன்.

ஆற்றைப் பற்றி எழுதிய அந்தப் பெண்ணின் அம்மா ஆலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்பவர். மறுநாள் அவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசத் தொடங்கினாள். முதல்நாள் இரவு அடுப்படியில் உட்கார்ந்து பத்தியை வரிவரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அம்மா சோற்றை வடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "வாட்டுறோம்னு எழுதியிருக்கே. ஏன் வாட்டுறோம்னு எழுதலையே பாப்பா? பச்சையா அப்படியே மெஷின்ல போட்டா இலை சுருளாது, நொறுங்கிப் போயிடும். ஒரு ராத்திரி கெடந்து தளர்ந்தாத்தான் வளையும்" என்றாராம்.

"அதை நான் எழுதவே இல்ல டீச்சர். 'நொறுங்கும்'னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

'பிரிட்டில்' என்றேன். புது அட்டை எடுத்தாள். முன்பக்கம் அந்தச் சொல்லை எழுதினாள். பின்பக்கம் வாக்கியத்துக்கு அம்மா சொன்னதை அப்படியே முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, கீழே ஆங்கிலத்தில் மடிக்கத் தொடங்கினாள். 'பிக்காஸ்' போடுவதா, 'அதர்வைஸ்' போடுவதா என்று பென்சிலைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தாள். நான் சொல்லவில்லை. வெளியே லேண்ட்ரோவர் வந்து நின்று ஒலி எழுப்பியது. "ரெண்டு நிமிஷம்பா!" என்று கத்திவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.